பூட்டை உடைப்பதா? சாவியைத் தேடுவதா?

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

“அனுமதி மறுக்கப்பட்டது.”

கணிப்பொறியின் முன் அமர்ந்தவர்களுள் இந்த அறிவிப்பைச் சந்திக்காதவர் மிகச் சிலரே. நேற்று நாமே தட்டச்சுச் செய்த கட்டுரை. நம் கையால் பெயரிட்ட கோப்பு. இன்று திறக்கப் போனால் ‘உனக்கு உரிமை இல்லை’ என்கிறது இயந்திரம். சொந்த வீட்டு வாசலில் காவற்காரன் நம்மைப் பார்த்தே ‘நீ யார்?’ என்று கேட்டால் எப்படி இருக்கும்? சினம் வருகிறது. பக்கத்து நாற்காலி நண்பர் உடனே ஒரு வைத்தியம் சொல்கிறார்: “எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிடு. தொல்லை தீர்ந்தது!” நாமும் அப்படியே செய்கிறோம். கோப்பு திறக்கிறது. நண்பர் மேதையாகிவிடுகிறார்.

ஆனால் இது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வைத்தியம் என்பதே என் கருத்து. அனுபவம் கற்றுத் தந்த கருத்து இது, ஏட்டில் படித்ததன்று.

சென்ற ஆண்டு நாங்கள் நால்வர் சேர்ந்து, எங்கள் ஊர்ப் பக்கத்துக் கைத்தறி நெசவாளர்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுத்தோம். மூன்று மாதங்கள் தெருத்தெருவாக அலைந்து, முதியவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, துறைக் கணிப்பொறியில் ஒரு பொதுக் கோப்புறையில் சேர்த்து வைத்தோம். லினக்ஸ் இயங்கும் கணிப்பொறி அது. ஆளுக்கொரு கணக்கு உண்டு. ஒரு நாள் எங்களுள் ஒருத்தியால் அந்தக் கோப்புறையில் எதையும் சேமிக்க முடியவில்லை. மூத்த மாணவர் ஒருவர், நல்ல மனத்துடன்தான், அந்தக் கோப்புறைக்கு ‘777’ என்ற உரிமையைக் கொடுத்துவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து, வட்டில் இடம் போதவில்லை என்று முதலாண்டு மாணவர் சிலர் ‘வேண்டாத’ கோப்புகளை அழித்தனர். அவற்றுள் எங்கள் மூன்று மாத உழைப்பும் போயிற்று. ஒரு தோழர் பென் டிரைவில் வைத்திருந்த பாதி மட்டுமே மிஞ்சியது. மீதியைத் திரும்பக் கேட்டு எழுதப் போனபோது, எங்களிடம் பேசிய பெரியவர்களில் ஒருவர் உயிருடன் இல்லை.

யார் குற்றவாளி? அழித்த சிறுவர்களா? திறந்துவிட்ட அண்ணனா? என்னைக் கேட்டால், அறியாமை ஒன்றே குற்றவாளி. அதில் எனக்கும் பங்குண்டு. ‘என் கோப்புகளைப் படிக்க மட்டுமே முடியும்படி வைத்திருந்தேனே, எப்படி அழிந்தன?’ என்று பல நாள் புலம்பினேன். விடை பின்னர்தான் தெரிந்தது. லினக்ஸில் ஒரு கோப்பை நீக்கும் உரிமை அந்தக் கோப்பைப் பொறுத்ததன்று. அது இருக்கும் கோப்புறையைப் பொறுத்தது. பெட்டிக்குள் இருக்கும் நாட்குறிப்புக்குப் பூட்டுப் போட்டு என்ன பயன்? பெட்டி திறந்து கிடந்தால் நாட்குறிப்பையே தூக்கிப் போட்டுவிடலாம் அல்லவா?

இந்தப் பூட்டுகள் ஏன் வந்தன என்பதை வரலாற்று மாணவன் என்ற முறையில் சிறிது சொல்ல விரும்புகிறேன். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை உருவாயிற்று. பலர் புழங்கும் இடத்தில் ‘எனது, உனது’ என்ற பிரிவு தேவைப்பட்டது, கடவுச்சொல்லும் வந்தது. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், எல்லாருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். இதைப் பல்லாண்டு கழித்து அவரே ஒப்புக்கொண்டார். அதே அமைப்பில் பின்னர் ஒரு நாள், நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரு கோப்புகளைத் திருத்த, அன்றைய அறிவிப்பு இருக்க வேண்டிய இடத்தில் கடவுச்சொற் கோப்பு போய் அமர்ந்துவிட்டது. உள்ளே நுழைந்தவர்க்கெல்லாம் ஊரார் கடவுச்சொற்கள் அச்சாகி வந்தன! அந்த அமைப்பை உருவாக்கிய பெர்னாண்டோ கோர்பட்டோ, தமது டூரிங் விருது உரையில் இந்நிகழ்ச்சியை எடுத்துச் சொல்லியிருக்கிறார். மேதைகளின் வீட்டிலேயே கதவு திறந்து கிடந்தது என்றால் நாம் எம்மாத்திரம்?

பின்னர் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் இயக்க முறையைப் படைத்தனர். 1971-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்புக் கையேட்டிலேயே, உரிமையை மாற்றும் ‘சிஎச்மாட்’, உரிமையாளரை மாற்றும் ‘சிஎச்ஓன்’ என்னும் இரு கட்டளைகளும் உள்ளன. இன்றைய லினக்ஸிலும் அவையே பயன்படுகின்றன. அரை நூற்றாண்டு கடந்தும் நிலைத்திருக்கும் ஏற்பாடு என்றால், அதில் ஏதோ ஒரு நியாயம் இருக்கத்தானே வேண்டும்?

அந்த ஏற்பாடு மிக எளியது. உலகத்தை அது மூன்றாகப் பிரிக்கிறது: உரிமையாளர், அவருடைய குழு, மற்றையோர். உரிமைகளும் மூன்றே: படித்தல், எழுதுதல், இயக்குதல். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1. கோப்புறைக்கு ‘இயக்குதல்’ என்பது உள்ளே நுழைதல் என்று பொருள்படும். கூட்டிப் பார்த்தால் 7 என்பது முழு உரிமை. 6 என்பது படிக்கவும் எழுதவும் உரிமை. ஆகவே 600 என்றால் உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம். வேறு எவரும் தொட முடியாது. 644 என்றால் உரிமையாளர் எழுதலாம். மற்ற அனைவரும் படிக்க மட்டும் செய்யலாம். நம் நூலகத்தில் நூலை எவரும் படிக்கலாம். நூற்பதிவேட்டில் எழுத நூலகருக்கு மட்டுமே உரிமை. அதுபோலத்தான். அப்படியானால் 777? நூற்பதிவேட்டைப் பேருந்து நிலையத்தில் விரித்து வைத்து, பக்கத்தில் பேனாவையும் கட்டித் தொங்கவிடுவது!

விண்டோஸ் உலகில் கதை சற்று வேறு. எம்.எஸ்.டாஸிலும் விண்டோஸ் 95, 98 ஆகியவற்றிலும் கோப்புக்கு உரிமையாளர் என்ற பேச்சே இல்லை. 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி.தான் அதைக் கொண்டுவந்தது. 2001-இல் வந்த எக்ஸ்.பி. வழியாக அது வீடுகளுக்குள் நுழைந்தது. இங்கே நுட்பமான செய்தி ஒன்று உண்டு. விண்டோஸ் நம்மைப் பெயரால் அறிவதில்லை. தானே வழங்கிய ஒரு நீண்ட அடையாள எண்ணால் அறிகிறது. கணிப்பொறி பழுதாகி விண்டோஸை மீண்டும் நிறுவினால், அதே பெயரில் கணக்குத் தொடங்கினாலும் எண் வேறு. எனவேதான் பழைய வட்டிலுள்ள நம் கோப்புகள் நம்மையே அந்நியராகப் பார்க்கின்றன. பெயர் ஒன்று, ஆள் வேறு என்று அது எண்ணுகிறது. பென் டிரைவில் மட்டும் இந்தத் தொல்லை வருவதில்லையே என்பீர்கள். பெரும்பாலான பென் டிரைவுகளின் அமைப்பில் உரிமையைக் குறித்து வைக்கவே இடமில்லை. அதில் பூட்டு இல்லை என்பதால் தடையும் இல்லை, காவலும் இல்லை.

சரி, தடை வந்தால் என்ன செய்வது? நான் கண்ட வழி இது.

முதலில் அறிவிப்பை முழுதும் படிக்க வேண்டும். ‘வேறொரு நிரல் இக்கோப்பைப் பயன்படுத்துகிறது’ என்பதையும் ‘அனுமதி இல்லை’ என்பதையும் நாம் ஒன்றாகவே குழப்பிக்கொள்கிறோம். முன்னதற்கு அந்த நிரலை மூடினாலே போதும்.

அடுத்து, ‘நான் யார்?’ என்று கேட்க வேண்டும். இது வேதாந்திகளுக்கு மட்டும் உரிய வினா அன்று. லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ‘ஹூ ஆம் ஐ’ என்ற கட்டளையே இருக்கிறது. அதை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகத் தட்டினால், நாம் எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்று சொல்லும்.

மூன்றாவதாக, கோப்பின் உரிமையாளர் யார் என்று பார்க்க வேண்டும். லினக்ஸில் ‘எல்எஸ்’ கட்டளையோடு ‘-எல்’ சேர்த்தால் அது தெரிந்துவிடும். ‘சூடோ’ போட்டு நிர்வாகி உரிமையுடன் ஒரு கோப்பை உருவாக்கியிருப்போம்; அது நிர்வாகிக்கே சொந்தமாகியிருக்கும். மறுநாள் நம் கணக்கிலிருந்து சேமிக்க முடியாது. இதற்கு 777 மருந்தன்று. ‘சிஎச்ஓன்’ கொண்டு உரிமையை நமக்கே திருப்பி எழுதிக்கொள்வதுதான் மருந்து. விண்டோஸில் கோப்பின் ‘பிராப்பர்டீஸ்’, ‘செக்யூரிட்டி’, ‘அட்வான்ஸ்டு’ என்று போனால் உரிமையாளர் பெயர் தெரியும். நிர்வாகிக் கணக்கில் இருந்தால் அதை மாற்றவும் முடியும். ஆனால் நம் சொந்தக் கோப்புறைக்கு மட்டுமே இதைச் செய்ய வேண்டும். விண்டோஸ் தனக்கென வைத்திருக்கும் கோப்புறைகளில் கை வைக்கக் கூடாது. மறையாக்கம் செய்த கோப்பு என்றால் உரிமையாளரை மாற்றியும் பயனில்லை. அதற்குரிய மறைச்சாவி வேண்டும்.

நான்காவதாக, யாருக்கு எது தேவையோ அவருக்கு அதை மட்டும் கொடுக்க வேண்டும். எங்கள் நால்வருக்கும் ஒரு குழுவை உருவாக்கி, கோப்புறையை அந்தக் குழுவுக்கு உரியதாக்கி, 770 என்று வைத்திருந்தால் எங்கள் நெசவாளர்களின் சொற்கள் இன்றும் இருந்திருக்கும். அவரவர் கோப்பை அவரவரே நீக்கலாம் என்று கட்டுப்படுத்தும் தனிக் குறியும் லினக்ஸில் உண்டு. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தைச் சேமித்து மூன்று மாதத்தை இழந்தோம்.

‘இவ்வளவு அச்சம் எதற்கு? ஒருவரை ஒருவர் நம்பக் கூடாதா?’ என்று சிலர் கேட்கலாம். உரிமையைப் பிரிப்பது அவநம்பிக்கை அன்று, நண்பர்களே! முதலாண்டு மாணவர்களுக்கு எங்கள்மீது பகையா இருந்தது? கை தவறும், கண் அயரும். நல்லவர்களின் கைத்தவறிலிருந்து நல்லவர்களின் உழைப்பைக் காப்பதுதான் பூட்டின் முதல் வேலை. எல்லாவற்றையும் திறந்தால் எல்லாம் எளிதாகிவிடும் என்பதும் மெய்யன்று. லினக்ஸ் அமைப்பு முழுவதற்கும் ஒருவர் 777 கொடுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். ‘சூடோ’ நிரல் தனக்குரிய சிறப்புக் குறி அழிந்துபோனதால் வேலை செய்ய மறுத்துவிடும். பிறகு பழைய நிலைக்குத் திருத்தவும் வழியின்றி நிற்க வேண்டியதுதான். எல்லாருக்கும் எல்லாக் கதவையும் திறந்தவன் தானே வெளியில் நிற்பான்!

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பூட்டுவதிலேயே இன்பம் காண்பவர்களும் உண்டு. மாணவன் ஒரு பக்கம்கூடச் சேமிக்க முடியாத கணிப்பொறி, அலமாரியில் பூட்டி வைத்த நூலுக்குச் சமம். பாடக் குறிப்புகள் ஆசிரியரின் கணக்கில் மட்டும் இருந்து, அவர் விடுப்பில் போனால் வகுப்பே நின்றுவிடுவதும் சரியன்று. தடைகள் மிகும்போதுதான் ஒரே கடவுச்சொல்லை எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைக்கும் பழக்கம் பிறக்கிறது. பூட்டு காவலுக்கு, சிறைக்கு அன்று.

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள் மூன்று. ஒவ்வொரு மாணவருக்கும் தனிக்கணக்கு இருக்கட்டும். ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்திற்கும் ஒரு குழுவும் ஒரு கோப்புறையும் தொடக்கத்திலேயே அமையட்டும். கணிப்பொறி அறிவியல் மாணவர்க்கு மட்டுமன்றி, வரலாறும் தமிழும் பொருளியலும் படிப்போர்க்கும் இந்த ஒரு மணி நேரப் பாடத்தை முதலாண்டிலேயே நடத்துங்கள். கோப்பு எல்லாத் துறைக்கும் பொதுவானதன்றோ?

மாணவத் தோழர்களே, உங்களுக்கும் ஒரு சொல். அன்றாட வேலைக்கு நிர்வாகிக் கணக்கில் அமராதீர்கள். உரிமையைச் சரிசெய்தாலும் கோப்புக்கு ஒரு படி எடுத்து வேறிடத்தில் வைக்க மறவாதீர்கள். அடுத்த முறை ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று திரையில் தோன்றினால் சினம் கொள்ளாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். யாருடைய கோப்பு? எனக்கு என்ன வேண்டும்? அதற்கு எவ்வளவு உரிமை போதும்? இந்த மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பிறகு கட்டளையைத் தட்டுங்கள்.

நாங்கள் இந்த ஆண்டு மீண்டும் அந்த நெசவாளர் தெருவுக்குப் போய் வருகிறோம். எழுதியதைப் புதிய கோப்புறையில் வைக்கிறோம். அதன் உரிமை 770.