அம்மனுக்குக் காது உண்டு

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வாதம் உண்டு. எந்த வழியில் போனாலும் கடைசியில் அதில்தான் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "அம்மனுக்குப் பக்தியா செய்றதுல போயி என்னல குவாலிட்டி பாத்துக்கிட்டு?" மைக் ஊளையிடுகிறதா, பாடுகிறவரின் சுருதியும் கீபோர்டின் சுருதியும் ஆளுக்கொரு திசையில் போகின்றனவா, பாக்ஸ் கிழிகிறதா, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பதில்தான். இந்தப் பதில் பக்திக்கே அவமரியாதை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூடவே, நான் வாசிக்கும் தசரா குழுவில் நீடிப்பதா விலகுவதா என்ற கேள்விக்கு, நாலு பேர் அறிய ஒரு பதிலும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாக. உடன்குடிக்குப் பக்கத்தில் கடலோரம் இருக்கிறது குலசேகரன்பட்டினம். அங்குள்ள முத்தாரம்மன் கோவிலின் தசரா பத்து நாள் திருவிழா. பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். நேர்ந்துகொண்டவர்கள் விரதமிருந்து காப்புக் கட்டி, காளியாக, குறத்தியாக, குரங்காக, போலீஸாக வேஷம் போட்டு வீடு வீடாகக் காணிக்கை பிரிப்பார்கள். தனியாகப் போகிறவர்கள் உண்டு. தெருவாக, ஊராகச் சேர்ந்து 'செட்டு' கட்டிப் போகிறவர்கள்தான் அதிகம். செட்டு என்றால் கூடவே இசையும் உண்டு. முன்பு தவிலும் பம்பையும் உடுக்கையும் போதுமானவையாக இருந்தன. இப்போது கீபோர்டு, ரிதம் பேட், டிரம்ஸ், இரண்டு பாடகர்கள், லாரி நிறைய பாக்ஸ். நான் பெங்களூரில் கோடு எழுதிப் பிழைக்கிறவன். ஏழு வருஷமாகத் தசராவுக்கு லீவு போட்டுவிட்டு வந்து எங்கள் தெருக் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன்.

அந்தக் குழுவின் சத்தம் எப்படி இருக்கும் என்பதைத் தொழில்நுட்பமாகவே சொல்லிவிடுகிறேன். எந்த ஒலிக் கருவிக்கும் ஒரு உச்ச அளவு உண்டு. பதினாறு பிட் டிஜிட்டல் பதிவில் அந்த எண் 32767. அதைத் தாண்டி நீங்கள் எவ்வளவு கத்தினாலும் எண் 32767-லேயேதான் நிற்கும். அலையின் தலை மட்டமாக வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்ட இடத்தில் பாடகர் பாடாத, நான் வாசிக்காத புதிய ஒலிகள் பிறக்கும். அதைத்தான் காது 'கிழியுது' என்கிறது. பிறகு சத்தத்தைக் குறைத்தாலும் கிழிந்தது கிழிந்ததுதான். எங்கள் மிக்ஸரில் சிவப்பு விளக்கு அணைந்து நான் பார்த்ததில்லை. அது எரிந்தால்தான் கச்சேரி 'ஏறியிருக்கு' என்று அர்த்தம். இதற்கு மேல் எக்கோவை முழுசாகத் திருப்பிவைத்தால், ஒரு வரி முடிவதற்குள் முந்தின வரி திரும்பி வந்து அதன் மேல் விழும். அம்மனின் பெயரைத் தவிர வேறொரு சொல்லும் புரியாது. பக்கத்து ஊரில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. எங்களுக்கோ பாக்ஸிலிருந்து வரும் கரண்டு இரைச்சலை அடக்கத் தெரியவில்லை.

இப்போது அந்தப் பக்தி வாதத்துக்கு வருகிறேன். உடன்குடி என்றதும் தமிழ்நாட்டில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கருப்பட்டிதான். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் ஊர் ஆள் ஒருவரிடம் சீனி கலந்த கருப்பட்டியைக் கொடுத்துப் பாருங்கள். உடைக்கும்போது தெரியும் முகத்தைப் பார்ப்பார், ஒரு சில்லை வாயில் போடுவார், "சீனிப் பாகு கலந்திருக்கு, கொண்டு போ" என்பார். "கொடுக்கிறவன் மனசு நல்ல மனசு, சரக்கு எப்படியிருந்தா என்ன" என்று வாங்கிக்கொள்ள மாட்டார். பதநீர் புளித்துவிடாமல் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதிலிருந்து, பாகு பதம் பார்த்து இறக்கிச் சிரட்டையில் ஊற்றுவதுவரை ஒவ்வொரு இடத்திலும் கைப்பக்குவம் கேட்கிற பண்டம் அது. நாக்குக்கு இவ்வளவு கறார் வைத்திருக்கும் ஊர், காதுக்கு மட்டும் ஏன் சீனிப் பாகைக் கொடுக்கிறது?

"இதெல்லாம் டவுன்காரன் பேச்சு, நம்ம மண்ணோட இசை இப்படித்தான் முரட்டுத்தனமா இருக்கும்" என்று சொல்லும் இன்னொரு தரப்பு உண்டு. இவர்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து கேமராவோடு வருகிறவர்கள். முரட்டு இசை வேறு, கெட்டுப்போன ஒலி வேறு. வெட்டவெளியில், மைக் இல்லாத காலத்தில், ஒரு ஊரே கேட்பதற்காக உருவான வாத்தியங்கள் தவிலும் நாகஸ்வரமும். அவை உரத்தவை. ஆனால் அந்த உரத்த ஒலிக்குள் எவ்வளவு நுணுக்கம் பார்த்தார்கள் என்று பாருங்கள். பழைய திமிரி நாகஸ்வரம் குட்டையானது, சுருதி உச்சத்தில் நிற்பது. சுத்த மத்யமம் அதில் சரியாகப் பேசாது. டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்கு அது ஒப்பவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாகஸ்வரத்தை அந்த ஸ்வரம் சுத்தமாகப் பேசும்படி செய்து கொடுத்தார். கோவில் வாசலிலும் வீதி உலாவிலும் வாசிக்கிற வாத்தியம்தானே, ஒரு ஸ்வரம் கொஞ்சம் பிசகினால் சாமி கோபித்துக்கொள்ளவா போகிறது என்று அவர்கள் விட்டுவிடவில்லை. பழைய வீடுகளில் உத்தரமாகக் கிடந்து நன்றாக முற்றிய ஆச்சா மரத்தைத் தேடி எடுத்துக் குழல் கடைந்தார்கள். மரபு என்பது இந்தப் பிடிவாதம்தான். எக்கோவைத் திருப்பி வைப்பதற்குப் பெயர் மரபல்ல.

வில்லுப்பாட்டும் எங்கள் சீமையின் கலைதான். வில், வீசுகோல், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. கதை சொல்லும் கலை என்பதால் சொல் புரியாவிட்டால் அங்கே எதுவுமே இல்லை. பாட்டுக்காரர் கதையை எடுத்துக்கொண்டு போகும்போது குடம் அடங்கும். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் எழும்பும். யார் எப்போது பின்வாங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு எந்த மிக்ஸரும் தேவைப்படவில்லை. எங்கள் குழுவிலோ ஆறு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் நிற்கிறோம்.

அடுத்த வாதம் பணம். "நம்மகிட்ட எங்கலே துட்டு இருக்கு?" இதற்குப் பதில் சொல்ல நான் உலகத்தின் இரண்டு மூலைகளைக் காட்டுவேன். 1982-ல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பத்தை வீட்டில், நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் தனியாகப் பதிவுசெய்தார். ஒத்திகைக்காகப் பதிந்தது அது. பிறகு முழு பேண்டோடு வாசித்துப் பார்த்ததில் அந்த உயிர் வரவில்லை என்று கேசட்டில் இருந்ததையே வெளியிட்டார். ஒலி எளிமையானது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். மறுபக்கம் 2008-ல் மெட்டாலிகா, உலகத்தின் மிகப் பணக்கார இசைக்குழுக்களில் ஒன்று, 'டெத் மேக்னடிக்' என்ற ஆல்பத்தைக் காது கிழியும் உரப்பில் அழுத்தி வெளியிட்டது. ரசிகர்களே மனு எழுதி மறுபடி மிக்ஸ் செய்யச் சொன்னார்கள். ஒரு வீடியோ விளையாட்டில் வந்த அதே பாட்டுகள் ஆல்பத்தைவிடத் தெளிவாக இருந்தன. ஆகவே மோசமான ஒலி ஏழ்மையால் மட்டும் வருவதில்லை, அலட்சியத்தாலும் வரும். ஏழ்மையால் வந்ததை நான் என்றைக்கும் குறையாகச் சொல்ல மாட்டேன். ஒற்றை உடுக்கையோடு நடந்துவரும் செட்டின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். எங்கள் குழு ஏழைக் குழு இல்லை. ஃபிளெக்ஸ் போர்டுக்கும் வாணவேடிக்கைக்கும் எல்.இ.டி. விளக்குக்கும் வருஷா வருஷம் செலவு ஏறுகிறது. நான் கேட்பவற்றில் பாதிக்குச் செலவே கிடையாது. சிவப்பு விளக்கு எரியாத அளவுக்குக் குறைத்து வை. எக்கோவைப் பாதியாக்கு. காப்புக் கட்டுவதற்கு முன் நான்கு நாள் ஒத்திகை பார். எல்லா பாக்ஸையும் ஒரே இடத்தில் அடுக்காதே. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் ஏறக்குறைய ஆறு டெசிபல் குறையும். ஒரே இடத்தில் அடுக்கினால் முன்னால் நிற்பவனுக்குக் காது போகும், பின்னால் நிற்பவனுக்குக் கேட்காது. இரண்டு இடமாகப் பிரித்து வை. இதில் எதற்குத் துட்டு வேண்டும்?

மூன்றாவது வாதம்தான் எனக்கு அதிகக் கோபம் வரவைப்பது. "சனங்களுக்கு இதெல்லாம் தெரியாது தம்பி." சனங்களுக்குத் தெரியும். 'மிட் ரேஞ்ச்' என்ற பெயர் தெரியாது, அவ்வளவுதான். குழு வந்து நின்றதும் பாக்ஸுக்கு முன்னால் இருக்கும் ஆச்சிகள் எழுந்து திண்ணைக்குப் பின்னால் போய் உட்காருகிறார்கள். குழந்தைகள் காதைப் பொத்துகிறார்கள். பாட்டு நின்று தவில் மட்டும் வாசிக்கும் ஐந்து நிமிஷம் எல்லோரும் முன்னால் வருகிறார்கள். மறுபடி பாக்ஸ் தொடங்கியதும் பின்னால் போகிறார்கள். ஏழு வருஷமாக இதே கூட்டம் இதே விமர்சனத்தைக் காலால் எழுதிக்கொண்டிருக்கிறது. காணிக்கை போடுகிறவர்கள் அம்மனுக்காகப் போடுகிறார்கள். அதை எங்கள் சவுண்டுக்குக் கிடைத்த கைத்தட்டலாக எண்ணிக்கொள்வது அவர்களை ஏமாற்றுவது.

இதில் ரசனை மட்டும் இல்லை, உடம்பும் இருக்கிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்று வரம்பு சொல்கிறது. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிஷம்தான். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்கின்றன. திருவிழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவுவரை நேரத் தளர்வு தரலாம். அந்தத் தளர்வு கடிகாரத்துக்குத்தான், காதுச் சவ்வுக்கு இல்லை. எங்கள் குழுவில் பேட் வாசிக்கும் பையனுக்கு வயது பத்தொன்பது. பாக்ஸுக்கு ஒட்டினாற்போல் உட்காருவான். "தசரா முடிஞ்சு ஒரு வாரத்துக்குக் காதுல வண்டு கத்திக்கிட்டே இருக்குண்ணே" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். போன வருஷம் அது இரண்டு வாரம். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. அவனுக்கு அதைச் சொன்னேன். பெரியவர்களிடமும் சொன்னேன். "இளம் ரத்தம், சரியாப் போகும்" என்றார்கள்.

என் தரப்பு ஆட்களிடமும் ஒரு வார்த்தை. பத்தாயிரம் ரூபாய்க்கு ஹெட்போன் வாங்கிவிட்டு ஊர்க் கச்சேரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர்கள் குழுவை விட்டுப் போனால் குழுவுக்குத்தான் நல்லது. சுருதி தவறும் பாடகரைச் சகிக்க முடியாதவனுக்குக் கோவில் முற்றத்தில் வேலை இல்லை. கற்றுக்கொள்ளாதவனோடு, கையில் காசில்லாதவனோடு, வயதாகிக் குரல் போனவரோடு சேர்ந்து வாசிக்கத்தான் வேண்டும். விலகுவதற்கான காரணம் அது இல்லை. குறை இருப்பது தெரிந்தும், சரிசெய்யும் வழி தெரிந்தும், "போதும் விடு" என்று ஒரு குழு கூடி முடிவெடுக்கும்போது கேட்கிறவனை அது மதிக்கவில்லை. அப்போதுதான் விலகல் ஒரு கேள்வியாகிறது.

"உள்ளே இருந்தே மாத்துலே, வெளிய போயி என்ன சாதிக்கப் போற?" இதுதான் நான் மதிக்கும் ஒரே எதிர்வாதம். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970-ல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். ஒரு அமைப்பு தரம் கெடும்போது உறுப்பினருக்கு இரண்டு வழிகள்: குரல் கொடுப்பது, வெளியேறுவது. விசுவாசம் உள்ளவன் முதலில் குரல் கொடுப்பான். ஆனால் வெளியேறவே மாட்டான் என்று தெரிந்துவிட்டால் அவன் குரலுக்கு மதிப்பில்லை. சாஃப்ட்வேர் வேலையில் இதைத் தினம் பார்க்கிறோம். ஒவ்வொரு ரிலீஸிலும் "இந்த பக் இருக்கு" என்று எழுதிவிட்டு ஒவ்வொரு ரிலீஸிலும் கையெழுத்தும் போடுகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் ஆட்சேபம் சடங்காகிவிடும். ஏழு வருஷமாக என் ஆட்சேபமும் சடங்காகத்தான் இருக்கிறது. "தம்பி வந்துட்டாம்லா, இனி சவுண்டு பத்திப் பேசுவான்" என்று சிரிப்பதோடு சரி.

விலகினால் நேர்த்திக்கடன் என்னாவது என்று அம்மா கேட்டார். நேர்ந்துகொண்டது அம்மனுக்கு, ஆம்ப்ளிஃபயருக்கு இல்லை. வேஷம் கட்டித் தனியாக நடந்துபோய்க் காணிக்கை பிரித்துக் கோவிலில் சேர்ப்பது செட்டைவிடப் பழைய வழக்கம். விலகல் துரோகம் என்பதும் தமிழ் இசை ஒப்புக்கொள்ளாத பேச்சு. அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்த இளையராஜா சென்னைக்குப் போய்த் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டார். அண்ணனின் குழுவிலேயே கடைசிவரை இருந்திருந்தால் 1976-ல் 'அன்னக்கிளி' வந்திருக்காது. அதற்காகப் பாவலரின் மேடையை யாரும் சிறுமையாகப் பார்ப்பதில்லை.

எங்கள் குழுவை நடத்தும் அண்ணாச்சிதான் எனக்கு முதல் மூன்று கார்டுகளைச் சொல்லிக்கொடுத்தவர். பதின்மூன்று வயதில் அவர் வீட்டு மச்சில், சாவி உடைந்த ஒரு கீபோர்டில். அவருக்கு முகம் கொடுத்துச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். ஆனாலும் போனில் சொல்லிவிட்டேன். மூன்றே காரியம். மிக்ஸரில் வாசிக்காத ஒரு ஆளை உட்காரவைத்து, சத்தத்தைக் குறைக்கும் அதிகாரத்தை அவருக்குக் கொடுக்க வேண்டும். ஒத்திகை நான்கு நாள். பேட் வாசிக்கிற பையன் பாக்ஸுக்குப் பின்னால், காதில் அடைப்பானோடு உட்கார வேண்டும். அடைப்பானை நான் வாங்கி வருகிறேன். மூன்றும் நடந்தால் லீவு போட்டுவிட்டு வருகிறேன். நடக்காவிட்டால் இந்த வருஷம் கீபோர்டு வாசிக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் குறவன் வேஷம் கட்டித் தனியாக நடக்கிறேன் என்றேன்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. "மொத ரெண்டு சரி. சவுண்டக் கொறச்சா மத்த செட்டுக்காரன் சிரிப்பாம்லா?" என்றார். சிரிக்கட்டும் அண்ணாச்சி, அவர்கள் சிரிப்பதாவது நமக்குத் தெளிவாகக் கேட்கட்டும் என்றேன். கொடியேற்றத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பதிலுக்குக் காத்திருக்கிறேன். பையனுக்கான காது அடைப்பானை எப்படியும் வாங்கிவிட்டேன், நான் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அது அவனுக்குப் போய்ச் சேரும்.