மூலை சீட்டுக்காரர் லீவு போட்டால்?

மாதா மாதம் சம்பளம் வருகிறதே, எப்படி வருகிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? உங்கள் லீவு, புரமோஷன் எல்லாம் ஹெச்.ஆர். சாஃப்ட்வேரில். சம்பளம் போடுவது வேறொரு சாஃப்ட்வேர். பி.எஃப். கணக்கு இன்னொரு இடத்தில். இங்கே 'எஸ்.முருகன்', அங்கே 'முருகன் எஸ்' என்றிருந்தால் நமக்கு ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர்!

இவற்றை எப்படி இணைத்திருக்கிறோம், எது மாறினால் எதைத் திருத்த வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்களா? கேட்டால், "அதெல்லாம் அந்த மூலை சீட்டுக்காரருக்குத் தெரியும் சார்" என்பார்கள்.

அவர் போய்விட்டால் என்ன ஆகும்? கனடா அரசைக் கேளுங்கள். சுமார் 2,90,000 ஊழியர்கள். பல துறைகள், பல ஹெச்.ஆர். சாஃப்ட்வேர்கள். சம்பள விதிகள் மட்டும் 80,000க்கு மேல். 2016 பிப்ரவரியில் 'ஃபீனிக்ஸ்' என்ற புதிய சம்பள சாஃப்ட்வேருக்கு மாறினார்கள். வருஷத்துக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்கு. அதற்காக, 46 துறைகளில் சம்பளம் பார்த்த 1,200 பேரின் பதவிகளை ஒழித்து, மிராமிஷி என்ற ஒரே ஊரில் சுமார் 550 பேரை உட்கார வைத்தார்கள். எந்தச் சிக்கலை எப்படிச் சமாளிப்பது என்பது பழையவர்கள் தலையில் இருந்தது. அவர்களோடு அதுவும் போயிற்று.

பணம் போதாதென்று அரியர்ஸ் போடும் வசதியை வெட்டினார்கள். வெள்ளோட்டத்தையும் ரத்து செய்தார்கள்.

விளைவு? ஒருத்தருக்குச் சம்பளமே வரவில்லை. இன்னொருத்தருக்கு அதிகமாக வந்தது. திருப்பிக் கொடு என்று பிறகு நோட்டீஸும் வந்தது. வேலை பார்த்தும் வீட்டுக்கடன் தவணை கட்ட முடியாமல் தவித்தார்கள். புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று 2018ல் சாடினார் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன்.

"டாக்குமென்டேஷனுக்கெல்லாம் ஏதுங்க நேரம்?" என்று அலுத்துக்கொள்ளும் மேனேஜர்கள் இதைப் படிக்கட்டும். எந்தத் தகவல் எங்கிருந்து எங்கே போகிறது, போகாவிட்டால் யாருக்குத் தகவல் சொல்வது என்று எழுதுங்கள். விதி மாறும்போதெல்லாம் திருத்துங்கள். திருத்தாத டாக்குமென்ட் போன வருஷக் காலண்டர்! மாதா மாதம் இரண்டு பக்கமும் ஆள் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இது எடுபிடி வேலை அல்ல. ஒரு குடும்பத்தின் அரிசி, பருப்பு.

நாளைக்கு ஆபீஸ் போனதும் நீங்கள் கேளுங்கள்: "மூலை சீட்டுக்காரர் ஒரு மாசம் லீவு போட்டால் எங்கள் சம்பளம் வருமா?"

பதில் சொல்லுமுன் ஹெச்.ஆர். அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தால், பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.