ஊசி குத்திய இடத்தில் வளர்ந்தது என்ன?



இம்முறை வந்த கடிதங்களுள் ஒன்றைப் படித்ததும் மற்றவற்றை ஒதுக்கி வைத்துவிட்டேன். எழுதியவர் தோட்டத்துப் பெண்மணி. பெயரும் ஊரும் வேண்டாம். அவருடைய தாயாருக்குக் கழுத்தின் முன்புறம் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் மெல்லிய ஊசியால் குத்தி, உறிஞ்சிப் பார்த்து, "பயமில்லை" என்றிருக்கிறார்கள். மறுநாளே கட்டி வீங்கி வலித்திருக்கிறது. ஆறு வாரம் சென்று ஆப்பரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். இப்போதோ, "உள்ளே இரத்தக் குழாய்கள் நிறைய வளர்ந்திருக்கின்றன, இன்னொரு நிபுணரும் பார்க்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். லயத்தில் சும்மா இருப்பார்களா? "ஊசி குத்தினதாலேதான் புற்று கிளம்பிடிச்சு" என்று ஆளுக்கு ஆள் சொல்ல, தாயார் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இனி ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்கிறாராம்.

சகோதரி, இந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

தைராய்டு என்பது தொண்டைக் குழிக்குச் சற்று மேலே, மூச்சுக் குழாயைத் தழுவிக்கொண்டு வண்ணத்துப்பூச்சிபோல் இருக்கும் சுரப்பி. எடை ஏறக்குறைய 20 கிராம்தான். ஆனால் அந்தச் சிறிய உறுப்புக்குள் ஓடும் இரத்தம் அதன் எடைக்கு மிக அதிகம். அதில் கட்டி வருவதும் சாதாரணம், பெண்களுக்கே அதிகம். நூறு கட்டிகளை எடுத்துப் பார்த்தால் தொண்ணூறுக்கு மேல் தீங்கில்லாதவை. அப்படி இரத்தம் நிறைந்த இடத்தில் ஊசி குத்தினால் சில சமயம் உள்ளே கசிந்து உறையும். மறுநாள் வந்த வீக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

உறைந்த இரத்தத்தை உடம்பு அப்படியே விட்டு வைப்பதில்லை. குழாய்களின் உட்சுவரில் உள்ள உயிரணுக்கள் அந்தக் கட்டிக்குள் புகுந்து, விரல் விரலாக வளர்ந்து, புதுக் குழாய்களை அமைக்கின்றன. இது பழுது பார்க்கும் வேலை. ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவருக்கு, இரத்தக் குழாயில் தோன்றும் கொடிய புற்றைப் போலவே இருக்கும். பியேர் மாஸோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1923-இல் மூல நோய்க் குழாயில் இதைக் கண்டு விவரித்தபோது, அவரே இதை ஒரு வகைக் கட்டி என்றுதான் எண்ணினார். உறைகட்டி ஆறும் விதம் இது என்று பிற்பாடுதான் தெளிவாயிற்று. தைராய்டில் ஊசி குத்திய பிறகு இப்படிக் கலவரப்படுத்தும் மாற்றங்கள் உண்டாகும் என்று 1994-இல் லிவோல்சி, மெரினோ என்னும் இரு அமெரிக்க நிபுணர்கள் தொகுத்து எழுதினார்கள்.

மரம் வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. கத்தி ஆழமாக இறங்கிக் காயம் பட்ட ரப்பர் மரத்தில் புதுப்பட்டை எப்படி வரும்? முண்டும் முடிச்சுமாக வரும். பார்க்க நோய் கண்ட மரம் போலிருக்கும். காயம் ஆறிய வடுதான் அது. அம்மாவுக்கு இந்த ஒன்றைச் சொன்னால் போதும், நான் மேலே எழுதியதெல்லாம் விளங்கிவிடும்.

இரண்டையும் நிபுணர் எப்படிப் பிரிக்கிறார்? ஆறும் வளர்ச்சி பழைய இரத்த உறைவைச் சுற்றியே இருக்கும், எல்லை தாண்டாது. உட்சுவர் உயிரணுக்கள் ஒரே வரிசையாக, ஒழுங்கான உருவத்தோடு இருக்கும். பக்கத்தில் பழைய இரத்தத்தின் துருநிறம் தெரியும், ஊசி சென்ற தடமும் தெரியலாம். புற்று அப்படியல்ல. நல்ல சதையை அரித்துக்கொண்டு போகும். உயிரணுக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, உருவம் சிதைந்து, தாறுமாறாகப் பெருகும். நடுவே அழுகல் இருக்கும். சிறப்புச் சாயம் ஏற்றியும் பார்ப்பார்கள். ஆனால் அந்தச் சாயம் "இவை இரத்தக் குழாயின் உயிரணுக்கள்" என்றுதான் சொல்லும். நல்லதா கெட்டதா என்று சொல்லாது. ஆகவே "சாயத்தில் ஏறிவிட்டதாம்" என்று யாராவது பயமுறுத்தினால் மிரள வேண்டாம்.

தைராய்டின் இரத்தக் குழாய்ப் புற்று மிக மிக அரிது. நெடுங்காலக் கழலை உள்ள முதியவர்களிடம், அதிலும் அயோடின் குறைந்த ஆல்ப்ஸ் மலை நாடுகளில்தான் அது கூடுதலாகக் காணப்பட்டது. சுவிட்சர்லாந்தில் 1922 முதல் உப்பில் அயோடின் சேர்த்தார்கள். பிறகு அங்கே கழலையும் குறைந்தது, இந்தப் புற்றும் குறைந்தது. அரிது என்பதால் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வந்தால் நுரையீரலுக்கும் எலும்புக்கும் விரைவில் பரவக்கூடிய நோய் அது. அதனால்தான் இரண்டாவது நிபுணரைக் கேட்கிறார்கள். அது அலட்சியமல்ல, அக்கறை. அம்மா போகாமல் இருந்துவிட்டால் இரண்டில் எது என்பதே தெரியாமல் போய்விடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஊசி குத்திய தேதியையும், மறுநாள் வீங்கியதையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். சதையைப் பார்க்கும் நிபுணர் நோயாளியைப் பார்ப்பதில்லை. கூட வரும் தாளில் ஊசி பற்றிக் குறிப்பு இல்லையென்றால் அவருக்கு எப்படித் தெரியும்? பல குழப்பங்கள் இங்கேதான் பிறக்கின்றன. கண்ணாடித் தகடுகளும் மெழுகில் பதித்த சதையும் ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கும். அவற்றையே இன்னொரு நிபுணருக்கு அனுப்பலாம், மறுபடி வெட்ட வேண்டியதில்லை.

மற்ற நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. கழுத்தில் ஊசிப் பரிசோதனைக்குப் போகுமுன், ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட்டு வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பரிசோதனைக்குப் பின் கழுத்து மளமளவென்று வீங்கி மூச்சுத் திணறினால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சகோதரி, நிபுணரின் முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அம்மாவுக்கு இன்றிரவு கொஞ்சம் கஞ்சியாவது கொடுங்கள்.