கறையான் காம்பரா இலக்கம் பார்ப்பதில்லை



கூரையில் கறையான் பிடித்துவிட்டது என்று வெளியில் சொல்ல நம்மில் பலர் வெட்கப்படுகிறோம். "வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள்" என்று பேச்சு வரும் என்ற பயம். அந்த வெட்கத்தை முதலில் விட்டுவிடுவோம். கறையான் அழுக்கைத் தேடி வருவதில்லை, மரத்தைத் தேடி வருகிறது. ஈரமும் கிடைத்தால் நிலத்துக் கறையானுக்கு இன்னும் வசதி. வெள்ளைக்காரன் காலத்து லயங்களில், ஒழுகும் தகரத்துக்குக் கீழே, வருடக்கணக்கில் நனைந்து காய்ந்த மரம் கிடக்கிறது. அதைப் பழுதுபார்க்காமல் விட்டது நாமல்ல.

கறையானின் வேலை நமக்குப் புதிதும் அல்ல. தேயிலைச் செடியின் தண்டையே தின்னும் கறையான் மலையகத்தில் உண்டு. கவாத்து வெட்டும்போது பார்த்திருக்கிறோம்: வெளியே பச்சை இலை, உள்ளே பொந்து. வீட்டின் வளையிலும் கைமரத்திலும் நடப்பது அதுவேதான்.

பனியும் குளிரும் இறங்காமலிருக்கத் தகரத்துக்குக் கீழே அட்டை, ஹாட்போட், பலகை என்று கிடைத்ததை அடித்து சீலிங் போட்டிருக்கிறோம். அது குளிரைத் தடுக்கிறது. மேலே நடப்பதையும் மறைத்துவிடுகிறது. அட்டையும் ஹாட்போடும்கூட கறையானுக்குச் சாப்பாடுதான். ஆகவே ஒரு மூலையையாவது கழற்றி, டோர்ச் அடித்துப் பாருங்கள்.

சுவரிலிருந்து கூரைக்கு ஏறும் மண் கோடு தெரிந்தால் அது நிலத்திலிருந்து வரும் கறையான். மண் கோடு இல்லாமல், பாயிலும் பெட்டியிலும் கசகசா போன்ற சிறு மணிகள் கொட்டிக்கொண்டே இருந்தால் அது மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கறையான். மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றிப் பறந்தவை உதிர்த்த சிறகுகள் ஜன்னலோரம் கிடக்கிறதா என்றும் பாருங்கள். கம்பால் மரத்தைத் தட்டுங்கள். வெறுமையான சத்தம் வந்தாலோ, கத்தி முனை சுலபமாக இறங்கினாலோ, அந்த மரத்தை நம்பி அதன் கீழே யாரும் படுக்க வேண்டாம். படுக்கையை உடனே மாற்றிப் போடுங்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. மண்ணெண்ணெயோ கழிவு ஒயிலோ கூரையில் ஊற்றாதீர்கள். கீழே அடுப்பு எரிகிறது, மேலே மின்கம்பி ஓடுகிறது. ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ முழு லயத்தையும் கொண்டுபோய்விடும். மலையில் அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் அடிப்பது அதைவிட ஆபத்து. அது சோற்றுப் பானையிலும் தொட்டிலிலும் விழும். மண் கோட்டைத் தட்டிவிட்டு வேலை முடிந்தது என்றும் இருக்காதீர்கள். புற்று மண்ணுக்குள் இருக்கிறது; இன்னொரு வழியில் திரும்பவும் ஏறும். நம்மால் செய்யக்கூடியது, சுவரோடு அடுக்கிய விறகையும் பழைய பலகையையும் தள்ளி வைப்பது, கான் தண்ணீர் அஸ்திவாரத்தில் தேங்காமல் பார்த்துக்கொள்வது.

இதற்கு மேல் ஒரு குடும்பம் தனியாகச் செய்ய எதுவும் இல்லை. லயத்துக்கு ஒரே கூரை. ஐந்தாம் காம்பராவில் மட்டும் மருந்து போட்டால் ஆறாம் காம்பராவில் கறையான் சுகமாக இருக்கும். கடன் வாங்கி ஒரு கைமரத்தை மாற்றினாலும், பக்கத்துக் காம்பராவின் கைமரம் உளுத்துப் போயிருந்தால் காற்றுக்குத் தகரம் அங்கிருந்தே கிளம்பும். கல்லும் மண் மூட்டையும் ஏற்றித் தகரத்தைப் பிடித்து வைத்திருக்கிறோம். உள்ளே பொந்தான மரம் அந்தப் பாரத்தை எத்தனை நாள் தாங்கும்?

1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபோது லயங்களும் சேர்ந்தே போயின. நம் பெயரில் உறுதி இல்லை. ஒரு ஜன்னலை உடைத்துப் பெரிதாக்கவும் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. ஜன்னலுக்கு அனுமதி கேட்க வைக்கிறவர்கள், இற்றுப்போன வளைக்கும் பதில் சொல்ல வேண்டும்.

"புது வீடு வரப்போகிறது, பழைய லயத்துக்கு ஏன் செலவு?" என்று கேட்கிறார்கள். காணியும் தனி வீடும் நம் உரிமைக் கோரிக்கை. அதை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் அந்த வீடு வரும்வரை நம் பிள்ளைகள் இந்தக் கூரையின் கீழேதான் தூங்குகிறார்கள். மழை நாட்களில் அவர்கள் நனைந்த கொப்பியோடு வருவதைப் பாடசாலையில் நாங்கள் பார்க்கிறோம்.

ஆகவே இந்த மாதமே லயத்தின் எல்லாக் காம்பராவையும் ஒரே நாளில் பாருங்கள். தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் கூடவே இருக்கட்டும். எந்தக் காம்பராவில் என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள், போனில் படம் எடுங்கள். எல்லாக் குடும்பங்களும் கையெழுத்திட்ட ஒரே கடிதமாகத் துரையிடம் கொடுங்கள். திகதியிட்டுப் பெற்றுக்கொண்டதாகப் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதி சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கு வரட்டும். வாயால் சொன்னது மறந்துபோகும், எழுதியது நிற்கும்.

கடிதத்தில் கேட்க வேண்டியது நான்கு: முதலில் ஒழுக்கை நிறுத்துவது, பயிற்சி பெற்றவரைக் கொண்டு முழு லயத்துக்கும் மருந்து போடுவது, இற்றுப்போன வளையையும் கைமரத்தையும் பதப்படுத்திய மரத்தால் மாற்றுவது, அதன் பிறகே தகரம் அடிப்பது. புதுத் தகரத்தை மட்டும் பழைய மரத்தில் அடித்துக் கணக்கு முடிக்க வந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஆனி, ஆடிக் காற்று தொடங்குவதற்கு முன் கடிதம் காரியாலயத்துக்குப் போய்ச் சேரட்டும்.