காய்ச்சல் தடுப்பூசி: கடமை முதலில் யாருக்கு?

இரும்பையில் ஒருவருக்குக் காய்ச்சல் முற்றினால், கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோதான் செல்ல வேண்டியிருக்கும். எந்த மருத்துவமனையானாலும் நோயாளியின் படுக்கையருகே மருத்துவரும் செவிலியரும் மட்டுமே வருவதில்லை. தரையைத் துடைப்பவரும் கழிவுப் பையை எடுத்துச் செல்பவரும் வருகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பதை நாம் அறிவோம். மருத்துவப் பணியாளர்கள் ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமா என்னும் விவாதத்தில் மட்டும் அவர்களைக் காண முடிவதில்லை.

போட்டுக்கொள்ள வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமே. முதியோர், கர்ப்பிணிகள், பச்சிளங்குழந்தைகள் ஆகியோருக்கு இந்தக் காய்ச்சல் உயிராபத்தாக முடியலாம். அரசு மருத்துவமனையை நம்பியே வாழும் நம் மக்களின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. வைரஸ் உருமாறுவதால் ஆண்டுதோறும் புதிய ஊசி தேவை. பொருத்தமாக அமையும் ஆண்டுகளிலும் அதன் பலன் 40 முதல் 60 விழுக்காடு அளவிலேயே இருக்கும். நோயாளிகளைக் கையாளும் பணியாளர்களுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் இதைப் பரிந்துரைக்கிறது. ஆனால் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இதற்கு இடமில்லை. தனியாரிடம் போட்டுக்கொண்டால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகும்.

கட்டாயப்படுத்தலாமா? ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய் அமர்வு, விருப்பத்திற்கு மாறாக எவருக்கும் தடுப்பூசி செலுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. உடல்மீதான உரிமை 21ஆம் பிரிவின் பாதுகாப்புக்குட்பட்டது. பொதுநலன் கருதி அரசு கட்டுப்பாடுகளை விதிக்கலாம், ஆயினும் அவை அளவுக்குட்பட்டவையாக இருக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. ஆகவே ஊசியை மறுக்கும் பணியாளரை முகக்கவசம் அணியச் சொல்லலாம், வேறு பிரிவுக்கு மாற்றலாம். வேலையைப் பறிப்பது அளவை மீறிய செயலாகும். நிரந்தரப் பணியாளரை நீக்க விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியை நீக்க மேற்பார்வையாளர், 'நாளை வர வேண்டாம்' என்று சொன்னால் போதும். கட்டாய ஆணை ஒன்று வந்தால், அதன் முதல் அடி விழும் இடம் இதுதான்.

கடமையை மறுமுனையிலிருந்து பார்க்கும் சட்டம் ஒன்று ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளில் 4ஆம் விதி, கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்கு எதிரான தடுப்பூசிகளை அளிக்கும் பொறுப்பை மருத்துவமனை நிர்வாகத்தின்மீது சுமத்துகிறது. பணியில் சேரும்போதும் அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையும் உடற்பரிசோதனை நடத்தி ஆவணம் பேண வேண்டும் என்கிறது. கழிவின் வழியாகப் பரவும் நோய்களைக் குறித்த விதி என்பதால் இன்ஃப்ளூயன்சாவை இதற்குள் நேரடியாகக் கொண்டுவருவது கடினம். எனினும் ஊசியை அளிப்பது நிர்வாகத்தின் கடமை, பெறுவது தொழிலாளியின் உரிமை என்னும் வரிசையை இவ்விதி தெளிவாக நிறுவுகிறது.

ஊசி போட்டுக்கொண்டவருக்கும் காய்ச்சல் வரலாம். இ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவி ஊதியத்தில் 70 விழுக்காடு. ஆனால் பொதுவாக நோயின் முதல் இரண்டு நாட்களுக்கு அந்த உதவி கிடையாது. நோய் அதிகம் தொற்றும் தொடக்க நாட்களும் அவையே. கூலியை இழக்க முடியாதவர் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு வார்டுக்கே வருவார். ஊதியத்துடன் கூடிய விடுப்பைப் பேசாமல் தடுப்பூசியை மட்டும் பேசும் நிர்வாகம் நோயாளியின் பாதுகாப்பைக் கருதுகிறது என்பதை நான் நம்பமாட்டேன்.

மாணவத் தோழர்கள் இந்தப் பருவமழைக்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் 4ஆம் விதிப்படி கடந்த மூன்று ஆண்டுகளில் தடுப்பூசி பெற்றவர்கள், உடற்பரிசோதனை செய்யப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களுள் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர் எனத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். பெயர்களைக் கேட்டால் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி மனுவைத் தள்ளிவிடுவார்கள்.