டேப்லெட்டுக்கும் தூர் வாரணும்



போன வாரம் மகன் போன்ல சொன்னான், "அப்பா, அந்த டேப்லெட்டைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமே." வேண்டாம்டான்னுட்டேன். ஏன் வேண்டாம்னு விளக்கமா சொல்ல முடியல, அவன் ஆபீசுக்குக் கிளம்புற நேரம். அதனால இங்க எழுதுறேன். ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்குப் பழைய போனும் டேப்லெட்டும் குடுத்து விடுற எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இது.

அந்த டேப்லெட் 2020-ல, கொரோனா ஊரடங்குல, பேத்தியோட ஆன்லைன் வகுப்புக்காக வாங்கினது. 8 அங்குலம், 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு. பள்ளிக்கூடம் திறந்ததும் அதுக்கு வேலை இல்லாமப் போச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி பொங்கலுக்கு வந்தப்ப, "நீங்க வச்சுக்கங்கப்பா"ன்னு மகன் குடுத்துட்டுப் போனான். நிஜமாவே சந்தோஷப்பட்டேன். அம்பது வயசு தாண்டினா போன் எழுத்து தெரியுறதில்ல. டேப்லெட்ல சிட்டா, அடங்கல் எல்லாம் பெருசாத் தெரியும். மழை வருமான்னு பார்க்க, உழவன் ஆப் பார்க்க எனக்கு அதுதான். என் வீட்டுக்காரம்மாவுக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பேத்தி முகத்தைப் பார்க்க அதுதான்.

ஆனா அது நாளுக்கு நாள் மந்தமாச்சு. தொட்டா, கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுத்தான் திறக்கும். அந்தப் பக்கம் பேத்தி "அப்பாயி, கேட்குதா?"ன்னு கத்துவா, இந்தப் பக்கம் படம் அப்படியே உறைஞ்சு நிக்கும். அதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தோம். புரட்டாசி கடைசியிலதான் அது சிரிப்பு இல்லைன்னு புரிஞ்சுது.

குறுவை அறுத்து நெல் களத்துல கெடக்கு. கொள்முதலுக்கு இணையத்துல பதிவு பண்ணணும். ஆதார் எண், சர்வே எண், வங்கிக் கணக்கு எல்லாம் அடிச்சு முடிச்சேன். சிட்டாவைப் போட்டோ எடுத்து ஏத்தச் சொல்லுது. போட்டோ எடுக்கப் போயிட்டுத் திரும்பி வந்தா, அடிச்சு வச்ச படிவம் அத்தனையும் காலி. திரும்ப முதல்ல இருந்து. அடுத்த தடவை ஓடிபி வந்துச்சு, அதைப் போடுற கட்டம் திறக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சு. மூணு தடவை இப்படி. நாலாவது தடவை டேப்லெட்டே அணைஞ்சு எழுந்துச்சு.

மறுநாள் டவுனுக்குப் போனேன், இ-சேவை மையத்துல ஒரே கூட்டம். ஆக மொத்தம் ரெண்டு நாள் போச்சு. ரெண்டாம் நாள் ராத்திரி மழை. தார்ப்பாய் போட்டிருந்தும் அடி நெல் நனைஞ்சுபோச்சு. ஈரப்பதம் 17 சதவீதம் இருக்கணும், எங்க நெல் 21 காட்டுச்சு. நாலு நாள் கிளறிக் கிளறிக் காய வச்சோம், அதுக்கு ஆள் கூலி வேற. மழை பெஞ்சது டேப்லெட் குத்தம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த ரெண்டு நாள் கையில இருந்திருந்தா நெல் களத்துல கெடந்திருக்காது.

கடைக்கு எடுத்துட்டுப் போனேன். "இது பழசாயிடுச்சுண்ணே, புதுசு எடுத்துக்கங்க"ன்னாரு. நான் தயங்கினதும், வேகப்படுத்துற ஆப்னு ஒண்ணைப் போட்டுக் குடுத்தாரு. அதுக்கப்புறம் இன்னும் மோசம். நடுநடுவுல விளம்பரம் வேற.

என் தம்பி மக பாலிடெக்னிக் படிக்குது. அதுதான் பார்த்துட்டுக் கேட்டுச்சு, "பெரியப்பா, வாய்க்கால்ல தண்ணி வரலைன்னா நீங்க முதல்ல எதைப் பார்ப்பீங்க?"

நல்ல கேள்வி. தண்ணி வரலைன்னா எடுத்த உடனே மேட்டூர் வத்திப்போச்சுன்னு சொல்ல மாட்டோம். மண்வெட்டியை எடுத்துக்கிட்டு வாய்க்காலைப் பார்க்கப் போவோம். ஆகாயத்தாமரை அடைச்சிருக்கா, மண் மேவியிருக்கா, தலைமடைக்காரன் மொத்தத்தையும் திருப்பிக்கிட்டானான்னு பார்ப்போம். அதே மாதிரி டேப்லெட்டையும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தோம்.

முதல் விஷயம், அதைப் பல மாசமா அணைச்சே வைக்கல. அணைச்சுப் போட்டதுமே கொஞ்சம் மூச்சு விட்டுச்சு.

அடுத்து அமைப்புகள்ல சேமிப்பு பக்கம். 32 ஜிபில ஒரு ஜிபி கூட மிச்சமில்ல. பாதிக்கு மேல வாட்ஸ்அப் குப்பை. காலை வணக்கம் படம், யாரோ பேசின வீடியோ, ஒரே கல்யாண வீடியோ மூணு குழுவுல இருந்து மூணு தடவை. வாட்ஸ்அப்புக்குள்ளேயே சேமிப்பை நிர்வகிக்கிற இடம் இருக்கு, பெரிய கோப்பு எதுன்னு வரிசையாக் காட்டும். எல்லாத்தையும் அள்ளி வெளிய கொட்டினோம். தானா இறங்குறதையும் நிறுத்தியாச்சு. இனிமே நான் தொட்டாத்தான் வீடியோ இறங்கும்.

இடம் நிறைஞ்சா ஏன் மந்தமாகும்னு கேட்டேன். உள்ள இருக்கிற சேமிப்புச் சில்லுல, எழுதின இடத்துலயே அப்படியே மேல எழுத முடியாதாம். ஒரு கட்டத்தை முழுசா அழிச்சாத்தான் புதுசா எழுதலாம். காலி இடம் இல்லைன்னா இதை அங்க தள்ளி, அதை இங்க தள்ளி, அப்புறம்தான் எழுதும். எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. களம் முழுக்க வைக்கோல் கெடந்தா நெல்லை எங்க போட்டுத் தூத்துறது? இப்ப அஞ்சுல ஒரு பங்கு எப்பவும் காலியா வச்சிருக்கேன்.

மூணாவது தலைமடைக்காரங்க. பேத்தியோட வகுப்பு ஆப் ரெண்டு, விளையாட்டு நாலு, யாரும் தொடாத ஷாப்பிங் ஆப் மூணு. நாம திறக்காட்டியும் பின்னால ஓடிக்கிட்டு, 2 ஜிபி ரேம்ல பங்கு கேட்கும். கடைமடையில இருக்கிற என் படிவத்துக்குத் தண்ணி எட்டாது. போட்டோ எடுக்கப் போனப்ப படிவம் காணாமப் போனதுக்குக் காரணம் இதுதான். ரேம் பத்தலைன்னா பின்னால போன பக்கத்தை ஆண்ட்ராய்டு மூடிடும். வேண்டாததை நீக்கினோம். நீக்க முடியாதபடி கம்பெனியே போட்டு விட்டதை முடக்கினோம்.

கடைக்காரர் போட்ட ஆப்பையும் தூக்கியாச்சு. ரேமைப் பார்த்துக்கிற வேலையை ஆண்ட்ராய்டே செய்யுது. இந்த ஆப் நடுவுல புகுந்து எல்லாத்தையும் மூடும், மூடினது மறுபடி முதல்ல இருந்து எழும்பும், அதுக்குத்தான் கூடுதல் சக்தி. நண்டு பிடிக்க வந்தவன் வரப்பை உடைச்ச கதை.

நாலாவது சூடு. மோட்டார் ஷெட்டுல, டிராக்டர் சீட்டுல வெயில்ல வச்சா, சூடு தாங்காம அதுவே தன் வேகத்தைக் குறைச்சுக்கும். சார்ஜ் போட்டுக்கிட்டே வீடியோ பார்த்தாலும் அப்படித்தான். இப்ப அது திண்ணை நிழல்ல.

கடைசியா ஒரு சின்ன வித்தை. அமைப்புகள்ல பில்டு எண்ணை ஏழு தடவை தட்டினா டெவலப்பர் பகுதி திறக்கும். அங்க அனிமேஷன் அளவு மூணையும் பாதியாக்கினா, திறக்கிறதும் மூடுறதும் சட்டுனு நடக்கும். இதனால இயந்திரத்துக்கு வேகம் கூடாது, நாம காத்திருக்கிற நேரம்தான் குறையும். அந்தப் பகுதியில வேற எதையும் தொட வேண்டாம்.

இதெல்லாம் பண்ணியும் சரியாகலைன்னா, முழுசா அழிச்சுத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகலாம். அங்கதான் பெரிய பள்ளம் இருக்கு. மகனோட கூகுள் கணக்கு அதுலயே இருந்துச்சு. அதை எடுக்காம ரெகவரி வழியா அழிச்சிருந்தா, திரும்பத் திறக்கிறப்ப அதே பழைய கணக்கையோ பழைய பூட்டையோ கேட்கும். திருட்டுக்கு எதிரா வச்ச பூட்டு அது. கடவுச்சொல் அவனுக்கே மறந்து போயிருந்தா டேப்லெட் வெறும் பலகை.

இப்ப அது புதுசு மாதிரி ஓடுதுன்னு பொய் சொல்ல மாட்டேன். 2 ஜிபி ரேம் 2 ஜிபிதான், கழட்டி மாத்த முடியாது. பாதுகாப்பு அப்டேட்டும் நின்னுபோச்சு, அதனால வங்கி வேலை எதையும் அதுல செய்யுறதில்ல. ஆனா பேத்தி முகம் உறையாமத் தெரியுது, படிவமும் நிரப்ப முடியுது. எனக்கு அது போதும்.

இனிமே நான் சொல்ல வந்த விஷயம்.

"பழசாயிடுச்சு"ங்கிற வார்த்தையை நாம ரொம்பச் சுலபமா சொல்றோம். என் மோட்டாருக்கு இருபது வயசு. ரெண்டு தடவை காயில் கட்டியாச்சு, இன்னும் தண்ணி இறைக்குது. அஞ்சு வருஷ டேப்லெட் எப்படிக் கெழமாகும்? அது தேயல, சுமைதான் கூடிப்போச்சு. வருஷா வருஷம் ஆப் எல்லாம் கனமாகிக்கிட்டே போகுது. எழுதுறவங்க மேசையில புதுப் போன் இருக்கு, அதுல சீறிக்கிட்டு ஓடுது. என் கையில இருக்கிறதுல அது எப்படி ஓடும்னு அவங்களுக்குத் தெரியாது.

புதுசு வாங்கிடலாமேன்னு கேட்பீங்க. சுமாரான டேப்லெட் 12,500 ரூபாய்னு வச்சுக்கங்க. 2025-26-க்குப் பொது ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அஞ்சு குவிண்டால், அதாவது 40 கிலோ மூட்டையில பன்னெண்டரை மூட்டை. அதுவும் செலவு போக இல்ல, மொத்த விலையில. மகன் வாங்கித் தருவான்தான். ஆனா அஞ்சு வருஷத்துல அதுவும் இப்படித்தானே ஆகும்?

ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜூன் 20-ல இருந்து ஒரு விதி வந்திருக்கு. போன், டேப்லெட் விற்பனையை நிறுத்தின பிறகும் அஞ்சு வருஷத்துக்கு அப்டேட் தரணும், முக்கியமான உதிரி பாகம் ஏழு வருஷத்துக்குக் கிடைக்கணும். நம்ம நாட்டுல 2022 டிசம்பர்ல, பழுது பார்க்கும் உரிமைக்குன்னு மத்திய அரசு ஒரு இணையதளம் திறந்துச்சு. இணையதளம் நல்லதுதான், ஆனா கட்டாயப்படுத்துற சட்டம் வேணும். பம்புக்கு புஷ் கிடைக்குது, டேப்லெட்டுக்கு பேட்டரி கிடைக்காதா?

நகரத்துல இருக்கிற உங்ககிட்ட ரெண்டு கோரிக்கை.

உங்கள்ல பல பேர் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவங்க. விவசாயிக்குன்னு ஒரு ஆப்போ படிவமோ செஞ்சா, 2 ஜிபி டேப்லெட்ல, ஒத்தைக் கோடு சிக்னல்ல, வரப்புல நின்னு ஒரு தடவை நிரப்பிப் பாருங்க. பாதி நிரப்பினது அழியாம இருக்கட்டும். ஓடிபிக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் குடுங்க. எங்களுக்கு அது ரெண்டு நாள் மிச்சம்.

ரெண்டாவது, பழசைக் குடுக்கிறப்ப ஒரு மணி நேரம் செலவு பண்ணுங்க. உங்க கணக்கை எடுத்துட்டு, முழுசாத் துடைச்சு, வேணும்கிற நாலே ஆப்பைப் போட்டு, எழுத்தைப் பெருசாக்கிக் குடுங்க.  வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு வர்றப்ப எடுத்துத் தூர் வாரிட்டுப் போங்க. மேட்டூர் ஜூன் 12-ல திறக்கிறதுக்கு முன்னாடி நாங்க வாய்க்காலுக்குச் செய்யுற வேலைதான் அது.

மகனுக்கு: புது டேப்லெட் வேண்டாம்ப்பா. அந்தக் காசுக்கு லீவு போட்டுட்டுப் பேத்தியைக் கூட்டிட்டு வா. உங்கம்மா அவளை எத்தனை நாளைக்குத்தான் கண்ணாடி வழியாவே பார்ப்பா?