கடலுக்குக் கோடு கிழிக்கும் கை எவர் கை?

திருநின்றவூரைத் 'தின்னனூர்' என்று சிதைத்த வாயும், பழவேற்காட்டைப் 'புலிகாட்' என்று எழுதிவைத்த கையும் ஒன்றுக்கொன்று உறவு. இரண்டும் ஒரே திருவள்ளூர் மாவட்டத்து ஊர்கள். ஒன்று ஏரிக்கரையது, மற்றொன்று காயற்கரையது. கடற்கரைச் செய்தி உள்நாட்டு ஊரானுக்கு எதற்கு என்று கேட்பாரும் உளர். கொசத்தலை எனத் திரிந்து வழங்கும் கொற்றலை ஆறு, பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து எண்ணூர்க் கழிமுகத்தில்தான் கடல் புகுகின்றது. அம்முகம் தூர்ந்தால் வெள்ளம் கடலுக்குப் போகாது, ஊருக்குள் திரும்பும். கேட்டார்க்கு இவ்விடையே போதும்.

'கடற்பரப்புத் திட்டமிடல்' என்னும் பேச்சு இன்று அரசு அலுவலகங்களில் உரக்க ஒலிக்கின்றது. கப்பல் எவ்வழிச் செல்வது, வலை எங்கே விழுவது, மீன்குஞ்சு எங்கே பெருகுவது என்று கடலை முன்கூட்டிப் பகுத்து வைக்கும் முறை அது. ஆத்திரேலியா தன் பெரும்பவளப் பார்க்கென 1975-இல் சட்டம் இயற்றி, 2004-இல் அதன் பகுப்பை முற்றாகத் திருத்தியது. யுனெசுகோ 2009-இல் வழிகாட்டி நூலொன்று வெளியிட்டது. நார்வேயோடு கூடிய இந்திய அரசு, புதுச்சேரியையும் இலக்கத்தீவையும் வெள்ளோட்டக் களங்களாகக் கொண்டது. முறையைக் குறை கூறுவதற்கில்லை. அதனைப் புத்தம்புதிய மேலையறிவு எனப் பொதிந்து கொணர்ந்து, நெய்தல் என்று ஒரு திணையே வகுத்த இனத்தார்க்குக் கற்பிக்கப் புகுவதே நகைப்பிற்குரியது!

பழவேற்காட்டுக் காயலில் 'பாடு' என்றொரு முறை உண்டு. படுதல் என்னும் வினையடிப் பிறந்த தூய தமிழ்ச்சொல். மீன் படுவதைப் 'மீன்பாடு' என்பது இன்றும் கரையோர வழக்கு. காயலின் முகத்தையடுத்து, ஓதநீர் ஏறியிறங்கும் இடங்களில் இறால் மிகுதியாகப் படும். அவ்விடங்கள் சிலவே, வலையுடையார் பலர். வலியவன் வளைத்துக்கொள்ள விட்டால் எளியவன் அடுப்பு எரியாது. ஆகலின், நடுவூர் மாதாக்குப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் கூடிச் சீட்டெடுத்து, இந்நாள் இன்னார்க்கு இப்பாடு என்று முறை வகுத்துக்கொண்டனர். தலைக்கட்டு ஒன்றுக்கு ஒரு பங்கு. மணமான ஆண்மகனே தலைக்கட்டு. இன்று நல்ல பாட்டில் வலை கட்டியவன் நாளை பிறனுக்கு விலகி நிற்பான். (சீட்டென்றதும் உத்தரமேரூர்க் குடவோலையைக் காட்டிப் பூரிப்பவர், அது பார்ப்பனர் அவைக்கு மட்டுமே உரியதாயிருந்ததை மறந்துவிடுகின்றனர். குப்பத்துச் சீட்டைப் பாட எந்தக் கல்வெட்டும் இல்லை.) இடத்தையும் காலத்தையும் ஒருங்கே பகுத்த இதற்குத் திட்டமிடல் என்று பெயரில்லையெனில், வேறெதற்குத்தான் அப்பெயர்?

இனி, அரசின் கோடுகளைக் காண்க. கடற்கரை ஒழுங்குமுறைக்கென 1991, 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் மூன்று அறிவிக்கைகள் வந்தன. மீனவர் ஊர்களையும், அவர்தம் பொதுவுடைமைகளையும், மீனுலர்த்தும் களங்களையும் வரைபடத்திற் குறித்தல் வேண்டும் என்று 2011 அறிவிக்கை தெளிவாகவே விதித்தது. நீர்நிலைகளின் மீன்பிடி இடங்களையும் குறிக்கவே அது விதித்தது. ஆயினும் விதி வேறு, நடப்பு வேறு. நீர்மேல் உள்ள பாடு எவர் வரைபடத்தில் ஏறும்? தாளில் அவ்விடம் வெறும் நீலம். வெறும் நீலத்தைக் கண்டவனுக்குத் தூர்க்கவும் தோண்டவும் தோன்றுவது இயல்பே. 330 ஏக்கர் அளவினதான காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஏறத்தாழ 6,110 ஏக்கராக விரிக்கவும், அதில் 2,000 ஏக்கர் அளவைக் கடலைத் தூர்த்தே பெறவும் தீட்டிய திட்டம் அத்தகையதே. அதன்மீதான மக்கள் கருத்துக்கேட்பு 2021 சனவரியிலும் 2023 செப்தம்பரிலும் நாள் குறிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. திருநின்றவூர்ப் பூசலார் மனத்துள்ளே கோயில் கட்டினார். அதனால் எவர் வலையும் அறுபடவில்லை. அறைக்குள்ளிருந்து கடலைக் கட்டுவார் செய்கை அத்தகையதன்று.

எம்மொழியில் கேட்கின்றனர் என்பதே இதன் உயிர்நிலை. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை நடுவணரசு ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வெளியிட்டது. அட்டவணை மொழிகள் 22-இலும் பெயர்த்திடுக என்று தில்லி உயர்முறைமன்றம் அவ்வாண்டு சூன் 30-ஆம் நாள் ஆணையிட்டது. நடுவணரசு செய்ததென்ன? அவ்வாணையை எதிர்த்து உச்ச முறைமன்றம் ஏறியது! மொழிபெயர்ப்பார்க்கு ஈய மனமில்லாத காசு வழக்குரைப்பார்க்குச் சென்றது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்கு நாற்பெயரும், நீரோட்டத்திற்கு நீவாடு என்றும், கடலடிப் பாறைக்குப் பார் என்றும் பெயரிட்டு வாழ்பவன்முன் பாகைக் கணக்கையும் ஆங்கிலப் பக்கங்களையும் வீசிவிட்டு, 'கருத்துக் கூறு' என்பது கேட்பாகுமா? வாயைக் கட்டிவிட்டுப் பாடச் சொல்வதாகும்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் அறமன்று. பாடு என்பது பட்டினவர்க்கே உரியதாய் நின்றது. அதே காயலில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர்க்கும், பிற ஒடுக்கப்பட்டோர்க்கும் அதில் முறையில்லை. தலைக்கட்டுக் கணக்கில் பெண்டிர் பெயருமில்லை. இதனால் மூண்ட பூசல்கள் பல. காயலின் பெரும்பகுதி ஆந்திரத்தின்பால் இருப்பதால் எல்லைப் பிணக்கும் தீர்ந்தபாடில்லை. சாதிவேலி போட்ட பாட்டைத் தமிழர் அறம் என்று முழங்குவார், துறைமுகத்தாரைப் பார்த்து 'கடல் அனைவர்க்கும் பொது' என்று எவ்வாய்கொண்டு கூறுவர்? வேலியை அவர்களே பிடுங்கியெறிதல் வேண்டும். அரசு வந்து பிடுங்கினால் வேலியோடு பாடும் போய்விடும்.

செய்யவேண்டுவது அரிதன்று. பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வரை ஒவ்வொரு குப்பத்திலும், இருளர் குடியிருப்பிலும், ஊரார் கூடித் தத்தம் பாடுகளையும் பார்களையும் கழிகளையும் தத்தம் பெயராலேயே தமிழில் வரைந்து, ஊர்க்கூட்டத்தில் ஒப்பம் பெற்று மாவட்ட ஆட்சியர்முன் வைத்தல் வேண்டும். அவ்வரைபடத்தைக் கணக்கிற் கொள்ளாத எக்கருத்துக்கேட்பிலும், அது எந்நாள் குறிக்கப்பட்டாலும், மேடைக்கு முன் ஒருவரும் அமர வேண்டா.